போல்கர் வீடு: அப்பாவின் கொள்கையும் அம்மாவின் உழைப்பும்

சதுரங்கத்தில் பெயர் பெற்ற மூன்று போல்கர் சகோதரிகளின் அப்பா லாஸ்லோ ஹங்கேரிக்காரர். அம்மா கிளாரா, சோவியத் உக்ரைனில் ஹங்கேரிய மொழி புழங்கும் டிரான்ஸ்கார்பாத்தியப் பகுதியைச் சேர்ந்த மொழி ஆசிரியை. இருவரும் யூதக் குடும்பத்தினர். கல்யாணத்துக்கு முன்பு லாஸ்லோ அவருக்குக் கடிதங்கள் எழுதினார். பிறக்கப்போகும் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது, எப்படிப் படிக்க வைப்பது என்ற திட்டம்தான் அவற்றில் நிறைந்திருந்தது. சாக்ரடீஸ் முதல் ஐன்ஸ்டைன் வரை நூற்றுக்கணக்கான மேதைகளின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: மேதை பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறார், சிறு வயதிலேயே ஒரே துறையில் ஆழமாக இறங்கிவிட்டால் ஆரோக்கியமான எந்தக் குழந்தையும் அந்த உயரத்தைத் தொடலாம். அதைச் சொந்தப் பிள்ளைகளிடமே செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தார். கிளாரா சம்மதித்தார். 1967ல் திருமணம். புடாபெஸ்டில் ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. 1969ல் சூசன், 1974ல் சோஃபியா, 1976ல் ஜூடிட்.

பின்னால் நடந்தது சதுரங்கம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். சதுரங்கத்தின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை, ஆண்கள் பெறும் அதே விதிமுறைகளின்படி வென்ற முதல் பெண் சூசன். பெண்களில் இதுவரை எவரும் தொடாத உயரத்தைத் தொட்டவர் ஜூடிட். நடுவில் பிறந்த சோஃபியா அதற்கு அடுத்த படியான சர்வதேச மாஸ்டர். ஒரு காலத்தில் உலகப் பெண்கள் வரிசையில் ஆறாவதாக இருந்தவர்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் லாஸ்லோவின் கொள்கையைப் பற்றியே எழுதுகிறார்கள். கொள்கை சரியா, தவறா என்ற வாதம் ஐம்பது வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதைவிட அந்த வீட்டுக்குள் அன்றாடம் என்ன நடந்தது, யார் யார் எதைச் சுமந்தார்கள் என்பது முக்கியமாகப் படுகிறது. பிள்ளை வளர்க்கிற ஒருவருக்குப் பயன்படக்கூடியது அங்கேதான் இருக்கிறது.

எந்த மண்ணிலிருந்து வந்த வீடு

1944 மே மாதம் 15ஆம் தேதி தொடங்கி ஜூலை 9ஆம் தேதி வரை, எட்டே வாரங்களில், ஹங்கேரியின் ஆட்சியில் இருந்த பகுதிகளிலிருந்து நான்கு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான யூதர்களை ரயிலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது நாஜிகளின் மரண முகாமான ஆஷ்விட்ஸ். முதலில் காலியானது கிளாராவின் ஊர்ப்பக்கமான டிரான்ஸ்கார்பாத்தியா. போல்கர் பெண்களின் பாட்டிகள் இருவருமே ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்டவர்கள். உறவினர்களில் பலர் மீளவில்லை. லாஸ்லோ 1946ல் பிறந்தவர். முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள் மறுபடி குடும்பம் கட்டிய அந்த முதல் வருடங்களின் குழந்தை.

வீடு, கடை, நிலம், நகை எல்லாம் ஒரு வாரத்தில் பறிபோனதைப் பார்த்த பெற்றோர், பிள்ளையின் தலைக்குள் எதைப் போட்டுவைக்கலாம் என்று யோசிப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. லாஸ்லோவின் பிடிவாதத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் இதை விட்டுவிட்டு அந்தப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. யூத வாழ்வில் முதல் பள்ளிக்கூடம் வீடுதான் என்பது மிகப் பழைய ஏற்பாடு. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டும் என்கிறது யூத வேதமான தோராவின் உபாகமம். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் இன்னும் இறங்கி வந்து, மகனுக்குத் தோரா கற்பிப்பதும் ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதும் தகப்பன் கடமை என்று பட்டியல் போடுகிறது; நீச்சலும் சொல்லித்தர வேண்டும் என்று சொல்பவர்களும் அதில் உண்டு. லாஸ்லோ கற்பித்தது வேதமல்ல, விளையாட்டு. ஆனாலும் பிள்ளையின் படிப்பை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது என்ற எண்ணம் அந்த மரபுக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது வேறொன்று: அந்தக் கடமையை அவர் மகள்களுக்குச் செய்தார்.

சிப்பாய்களிலிருந்து தொடக்கம்

முதலில் சதுரங்கம் திட்டத்திலேயே உறுதியாகவில்லை. கணிதமா, மொழிகளா, வேறெதுவுமா என்ற யோசனை இருந்தது. நாலு வயது ஆகும் முன்பே சூசன் வீட்டில் விளையாட்டுச் சாமான் தேடியபோது ஒரு சதுரங்கப் பெட்டி கையில் கிடைத்தது. காய்களின் உருவம் அவளுக்குப் பிடித்துவிட்டது. இது என்ன என்று அம்மாவைக் கேட்டாள். சாயங்காலம் அப்பா வரட்டும், சொல்லித்தருவார் என்றார் அம்மா. பெற்றோருக்கும் அது வசதியாகப் பட்டது. கவிதையிலோ ஓவியத்திலோ பிள்ளை முன்னேறியதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். சதுரங்கத்தில் வெற்றி தோல்வியும், ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் ரேட்டிங்கும் எண்ணாக வந்து நிற்கும். யாரும் மறுக்க முடியாது.

அவர் கற்பித்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாஸ்லோ சாதாரண ஆட்டக்காரர். முதல் நாளே முப்பத்திரண்டு காய்களையும் பரப்பி விதிகளை ஒப்பிக்கவில்லை. சிப்பாய்கள் மட்டும். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. யாருடைய சிப்பாய் முதலில் மறுகோடியைத் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. இதை ஒரு நாலு வயதுக் குழந்தையோடு ஆடிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும், அதனால் தோற்றாலும் அழுகை நீளாது, உடனே இன்னொன்று ஆடலாம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் குழந்தை நேராக நகர்த்தவும் குறுக்கே வெட்டவும் பழகுகிறது. எதிராளியின் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு இன்னும் எத்தனை அடி, என்னுடையது எத்தனை அடி என்று எண்ணத் தொடங்குகிறது. எதிராளிக்கும் ஒரு திட்டம் இருக்கிறது என்பதையும் கண்டுகொள்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் ஆட்டத்தின் இறுதிப் பகுதியான எண்ட்கேமில் செய்வதும் இந்தக் கணக்குதான். அது பழகிய பிறகு ராஜாவைச் சேர்த்தார், பிறகு மற்ற காய்களை. பிறகு, ஒரே நகர்த்தலில் செக்மேட் செய்யும் சின்னச் சின்னப் புதிர்கள்.

இந்த அணுகுமுறையின் முழு உருவம் லாஸ்லோ 1994ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இருக்கிறது. மொத்தம் 5,334 புதிர்களும் ஆட்டங்களும். முதல் 306ம் ஒரே நகர்த்தலில் முடிபவை. அடுத்து இரண்டு நகர்த்தலில் முடிபவை 3,412. மூன்று நகர்த்தல் என்று வரும்போது எண்ணிக்கை 744ஆகக் குறைந்துவிடுகிறது. எளியதிலிருந்து கடினத்துக்குப் போவதை எல்லாப் பாடப்புத்தகமும் செய்யும். ஆனால் நடுவில் இருக்கும் அந்த மூவாயிரத்துச் சொச்சத்தைப் பாருங்கள். பிள்ளையால் செய்ய முடிகிற, ஆனால் ஒரு நிமிடம் யோசித்தாக வேண்டிய இடத்தில் அவர் நெடுநாள் தங்கவைக்கிறார். நம்மில் பலர் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கும்போது அவசரப்படுவது இந்த இடத்தில்தான். இது வந்துவிட்டது, அடுத்ததுக்குப் போ என்று தள்ளிவிடுகிறோம். செய்ய முடிகிறது என்ற சந்தோஷம் பிள்ளைக்குள் ஊறுவதற்கே நேரம் கொடுப்பதில்லை.

ஆட்டம் கற்ற சில மாதங்களில் புகை மண்டிய, வயதானவர்கள் நிறைந்த புடாபெஸ்ட் சதுரங்க மன்றம் ஒன்றுக்கு அப்பா சூசனைக் கூட்டிப்போனார். யாராவது இவளோடு ஆடுகிறீர்களா என்று கேட்டபோது சிரித்த தாத்தாக்கள் தோற்றுப்போனார்கள். நாலு வயதிலேயே புடாபெஸ்டில் 11 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான போட்டியில் சூசன் பத்து ஆட்டம் ஆடிப் பத்தும் வென்றாள்.

ஒரு நாளின் கணக்கு

லாஸ்லோ 1989ல் மேதை வளர்ப்பு பற்றி எழுதிய நூலில் ஒரு தினசரி அட்டவணை தருகிறார். தேர்ந்தெடுத்த துறைக்கு நாலு மணி நேரம். அந்நிய மொழிக்கு ஒரு மணி. தாய்மொழி, அறிவியல், சமூகம் சேர்ந்த பொதுப்பாடத்துக்கு ஒரு மணி. கணினிக்கு ஒரு மணி. ஒழுக்கம், உளவியல் சார்ந்த பேச்சுக்கு ஒரு மணி. விரும்பிய உடற்பயிற்சிக்கு ஒரு மணி. அந்த வீட்டுப் பெண்கள் மேசைப்பந்தும் ஆடினார்கள். நகைச்சுவைக்கும் அட்டவணையில் நேரம் ஒதுக்கியிருந்தார். ஜோக் சொல்லிச் சிரிப்பதற்கென்றே.

மொழிப்பாடத்தில் அவர் முதலில் வைத்தது எஸ்பெரான்டோ. வார்சா வட்டாரத்து யூத மருத்துவரான சாமன்ஹோஃப் 1887ல் உலகத்துக்கு வழங்கிய செயற்கை மொழி அது. இலக்கணத்தில் விதிவிலக்கே கிடையாது என்பதால் குழந்தை சில மாதங்களில் பேசத் தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு ஆங்கிலத்துக்குப் போகும்போது, ஒரு மொழி ஏற்கெனவே எனக்கு வந்ததே என்ற தைரியம் கையில் இருக்கும். சிப்பாய் ஆட்டத்தில் செய்ததையே மொழியிலும் செய்திருக்கிறார்.

அட்டவணையில் எழுதாத ஒன்றும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கணினித் தரவுத்தளங்கள் வருவதற்கு முந்தைய காலம் அல்லவா, இதழ்களில் வரும் ஆட்டங்களை வெட்டியெடுத்து, அட்டைகளில் ஒட்டி, ஆட்டத்தைத் தொடங்கும் முறை வாரியாகவும் எதிராளி வாரியாகவும் இழுப்பறைகளில் அடுக்கிவைத்தார்கள். சுவர் முழுக்கப் புத்தகம். எதிராளியைத் தெரிந்துகொள்ள வேண்டுமா, இழுப்பறையைத் திற. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெற்றோர் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதைப் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள்.

நாலு மணி நேரம் என்பது குழந்தைக்கு அதிகம்தான். பள்ளித் தோழிகள், தெரு விளையாட்டு, வெறுமனே சும்மா இருக்கும் மத்தியானங்கள் இவையெல்லாம் அந்த நேரத்துக்குள் காணாமல் போயின என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகள்கள் மூவரும் பெரியவர்களான பின் தங்கள் குழந்தைப் பருவத்தை வெறுப்போடு பேசவில்லை என்பது உண்மை. அந்த விளையாட்டு பிடிக்காத நாலாவது பிள்ளை ஒன்று பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது.

கதவுக்கு வெளியே நின்ற தங்கைகள்

லாஸ்லோவின் மிக நல்ல யோசனை என்று நான் நினைப்பது அவர் தங்கைகளைக் கையாண்ட விதம். சூசன் ஒரு சின்ன அறையில் பயிற்சி செய்வாள். சோஃபியாவும் ஜூடிட்டும் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்ப்பார்கள். அவர் அவர்களை இழுத்து உட்காரவைக்கவில்லை. ஆவல் முற்றட்டும் என்று விட்டார். உள்ளே வர வேண்டுமென்றால் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, கற்றுக்கொள்வது ஒரு சலுகை ஆகிவிட்டது. அக்காவைப் பார்த்துத் தங்கை ஏங்குவதைவிட வலுவான பாடத்திட்டம் எதுவும் எனக்குத் தெரியாது.

அதன்பின் வீட்டுக்குள்ளேயே எதிராளி கிடைத்தாயிற்று. பகலில் சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ், பலகையைப் பார்க்காமல் ஆடும் ஆட்டம், தோற்ற ஆட்டத்தைத் திரும்ப வைத்து எங்கே தப்பு என்று சண்டை. யூத வேதபாடசாலைகளில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒரு பத்தியை உரக்க வாதாடிப் படிப்பார்கள். இந்தச் சகோதரிகளின் மத்தியானங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. ஒருநாள் நள்ளிரவில் சோஃபியா குளியலறையில் மடியில் பலகையோடு உட்கார்ந்திருந்ததை அப்பா கண்டுபிடித்த கதையை அந்த வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். காய்களை விட்டுவிட்டுத் தூங்கப் போ என்றாராம். அவைதான் என்னை விட மாட்டேன் என்கின்றன அப்பா என்றாளாம்.

வீட்டுக்கு வெளியே நடந்த சண்டை

சோசலிச ஹங்கேரியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக் கற்பிப்பதற்கு அனுமதி எளிதில் கிடைக்காது. பல மாதங்கள் அதிகாரிகளோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு கட்டத்தில் ஆயுதம் தாங்கிய போலீசாரே வீட்டு வாசலுக்கு வந்ததாகச் சூசன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஆண்டுத் தேர்வை மட்டும் பள்ளியில் போய் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

சதுரங்க அதிகாரிகளோடு நடந்த சண்டை இதைவிட நீளம். பெண்கள் பெண்களோடு ஆடட்டும் என்றது அமைப்பு. பலமானவர்களோடு ஆடினால்தான் பலம் வரும் என்றது குடும்பம். 1981ல், 12 வயதில், சூசன் 16 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் உலகப் பட்டத்தை வென்ற பிறகு, சில ஆண்டுகள் மேற்கு நாடுகளுக்குப் போகவே விடவில்லை. 1984 ஜூலையில் 15 வயதில் உலகப் பெண்கள் தரவரிசையில் முதலிடம். 1986ல் ஆண்களுக்கான உலகப் பட்டத்தின் மண்டலச் சுற்றுக்கு ஆட்டத்தால் தகுதி பெற்றும் ஆட அனுமதி இல்லை. அதே சமயத்தில் சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு எல்லாப் பெண் ஆட்டக்காரர்களுக்கும் நூறு ரேட்டிங் புள்ளிகளை இனாமாகக் கூட்டியது. சூசனுக்கு மட்டும் இல்லை. ஆண்களோடு ஆடியே ரேட்டிங் எடுத்தவர் என்பது காரணம். பலமானவர்களோடு ஆடினார் என்பதற்காகவே ஒரு பதினேழு வயதுப் பெண்ணை முதலிடத்திலிருந்து இறக்கினார்கள். இன்றைக்குப் படித்தாலும் கோபம் வருகிறது.

1988ல் கிரீஸின் தெசலோனிகியில், நாட்டு அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாடில் மூன்று சகோதரிகளும் இல்டிகோ மாட்லும் சேர்ந்த ஹங்கேரியப் பெண்கள் அணி சோவியத் அணியைப் பின்தள்ளித் தங்கம் வென்றது. பன்னிரண்டு வயது ஜூடிட் பதின்மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டரைப் புள்ளி எடுத்தாள். அடுத்த ஆண்டு ரோமில் பதினாலு வயது சோஃபியா, கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டரைப் புள்ளி எடுத்தாள். 1991 தொடக்கத்தில் சூசனும் அந்த ஆண்டு முடியும் முன் ஜூடிட்டும் கிராண்ட்மாஸ்டர் ஆனார்கள். 1958 முதல் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஃபிஷர் வைத்திருந்த இளம் வயதுக் கிராண்ட்மாஸ்டர் சாதனையை, 15 வயதும் நாலு மாதமும் ஆகியிருந்த ஜூடிட் முறியடித்தாள். 1999ல் ஆனந்தையும் 2002ல் கஸ்பரோவையும் அவள் வென்றது நம் ஊர்ச் சதுரங்கப் பிள்ளைகள் இன்றும் பலகையில் வைத்துப் பார்க்கிற ஆட்டங்கள். 2005ல் அவள் ரேட்டிங் 2735, பெண்களில் இதுவரை எவரும் தொடாத எண்.

இது எதை நிரூபிக்கிறது

லாஸ்லோ நினைத்த அளவுக்கு நிரூபிக்கவில்லை என்பதுதான் என் முடிவு. மூன்று பெண்களும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள். பெற்றோர் இருவரும் கல்வித்துறை சார்ந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே வீட்டில் வேறு முறையில் வளர்ந்த பிள்ளை இல்லை. சதுரங்கம், இசை, விளையாட்டு எனப் பல துறை ஆய்வுகளைத் தொகுத்து 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் சுமார் 26 சதவீதத்தைத்தான் பயிற்சி விளக்குகிறது என்று கணக்கிட்டது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்கு மூவாயிரம் மணி நேரம் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு இருபத்து மூவாயிரத்துக்கு மேல் தேவைப்பட்டது.

ஒரே வீட்டுக்குள்ளேயே வித்தியாசம் தெரிகிறது. ஜூடிட் மெதுவாகத் தொடங்கியவள், ஆனால் விடாமல் உழைத்தவள் என்கிறார் சூசன். சோஃபியாவுக்கு வேகமாகப் பிடிபடும். ஜூடிட் அளவுக்கு உழைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவர் பின்னாளில் ஓவியத்துக்கும் குழந்தைகளுக்கான சதுரங்கக் கல்விக்கும் போனார். அதைத் தோல்வி என்று யாராவது எழுதினால் எனக்கு ஏற்க முடியாது. ஒரே அட்டவணை, மூன்று வேறு வேறு பிள்ளைகள். அவ்வளவுதான். சூசன் 1996ல் பெண்கள் உலகப் பட்டத்தை வென்று, அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளுக்குப் பயிற்சியாளரானார். ஜூடிட் உருவாக்கிய சதுரங்கவழிக் கல்வித் திட்டம் 2013லிருந்து ஹங்கேரியப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம் பெற்றது. அதன் நோக்கம் ஆட்டக்காரர்களை உருவாக்குவதல்ல. சின்னப் பிள்ளைகளுக்கு யோசிக்கச் சொல்லித்தருவது.

கிளாரா

கொள்கை லாஸ்லோவுடையது, நூல் எழுதியவரும் பேட்டி கொடுத்தவரும் அவரே. வீட்டைப் பார்த்துக்கொண்டது கிளாரா. சுமார் 40 நாடுகளில் நடந்த போட்டிகளுக்குப் பயண ஏற்பாடு செய்து கூட்டிப்போனதும் அவர். மூன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்றால் மூன்று வேளையும் யாரோ சமைக்க வேண்டும், தோற்று வந்த பிள்ளையை யாரோ தூங்கவைக்க வேண்டும், அடுத்த ஊருக்கு யாரோ பெட்டி கட்ட வேண்டும். நாலு மணி நேரச் சதுரங்கம் நடப்பதற்கு மீதி இருபது மணி நேரம் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்த இருபது மணி நேரம் லாஸ்லோவின் அட்டவணையில் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னை பாடியில் வைஷாலி முதலில் சதுரங்க வகுப்புக்குப் போக, பின்னாலேயே தம்பி பிரக்ஞானந்தா ஒட்டிக்கொண்டு வந்தான். போட்டி நடக்கும் ஊர்களுக்கெல்லாம் அரிசியும் குக்கருமாகப் போய் ரசம் சாதம் செய்து கொடுத்த நாகலட்சுமி அம்மாவின் முகம், 2023 உலகக்கோப்பையின்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டு வீடுகளும் எவ்வளவோ வகையில் வேறு வேறு; பாடி வீட்டுக்குக் கொள்கை என்று எதுவும் இருந்ததில்லை, பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மூத்தவள் திறந்த கதவும் அம்மாவின் உடனிருப்பும் மட்டும் இரண்டு வீட்டிலும் ஒன்றாக இருக்கின்றன. 2024 ஒலிம்பியாட் போல்கர்களின் ஊரான புடாபெஸ்டிலேயே நடந்து, அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு தங்கத்தோடு வந்தார்கள்.

போல்கர் வீட்டுப் பிள்ளைகள் பெயர் பெற்ற பிறகு, யோப் வான் ஓஸ்டரோம் என்ற டச்சுத் தொழிலதிபர் லாஸ்லோவிடம் ஒரு யோசனையோடு வந்தார். சதுரங்கத்துக்கு நிறையப் பணம் செலவழித்த புரவலர் அவர். வளரும் நாடு ஒன்றிலிருந்து மூன்று ஆண் குழந்தைகளைத் தத்தெடுங்கள், செலவு என்னுடையது, இதே முறையில் வளர்த்துக் காட்டுங்கள் என்றார். கொள்கையைச் சோதிக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. லாஸ்லோவுக்கு ஆசை இருந்தது. கிளாரா முடியாது என்றார். வாழ்க்கை என்றால் சதுரங்கம் மட்டுமல்ல, மற்றதெல்லாம் என் தலையில்தான் விழும் என்று கணவருக்கு நினைவுபடுத்தினார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆய்வாளர்கள் கையில் இன்றும் அந்த மூன்று பெண்களின் கதை மட்டுமே இருக்கிறது.